மாவு காணாத ஆட்டுக்கல்

எங்க வீட்டுக்காரரு பேரு பெத்துராஜ். புருசன் பேரைப் பொம்பள வாயால சொல்லக்கூடாதும்பாக. நான் சொல்லுவேன். அவுக சீக்குல கிடந்த அஞ்சு மாசம் நான் பட்ட பாட்டுக்கு இது கூடவா சொல்லக்கூடாது?

அவுக சங்கரன்கோவில் பருத்திப் பேட்டையில பொதி தூக்குத ஆளு. குருவிகுளம் பக்கமிருந்து வண்டி வண்டியா பருத்தி வந்து இறங்கும். பொதியை முதுகுல வாங்கி, சாய்ச்சுப் போட்ட பலகையில ஏறி, சரக்கு வைக்குத கிட்டங்கிக்குள்ள கொண்டு போய் அடுக்கணும். ஆறு பேரு சேந்தது ஒரு செட்டு. பொதியைக் குத்தி இழுக்க ஆளுக்கொரு இரும்புக் கொக்கி உண்டு. ஒருத்தன் சீக்குல விழுந்துட்டா, அவன் கொக்கியை மேஸ்திரி வாங்கிக் கிட்டங்கிச் செவத்துல மாட்டிருவாரு. பெறவு அவன் வந்து, எல்லாரும் பாக்க ஒரு பொதியைச் சுமந்து, பலகையில கால் நிக்காம ஏறிக் காட்டணும். ஏறிட்டா கொக்கி கைக்கு வரும். நடுவுல கால் நின்னுச்சோ, கொக்கி வேற ஆளுக்குப் போயிரும். பங்குனி முடியுதவரைக்கும்தான் கெடு.

அம்பத்திரெண்டாம் வருசம் கார்த்திகையில எங்க வீட்டுக் கொக்கி செவத்துக்குப் போச்சு.

அதுக்கு முந்தியே அவுக குடம் குடமா தண்ணி குடிச்சாக. மணிக்கொரு தடவ கொல்லைக்கு ஓடினாக. "வெயிலுட்டி"ன்னு என்கிட்டயே பொய் சொன்னாக. கார்த்திகை மழையில என்ன வெயிலு? ஒருநாள் பலகையிலயே தலை சுத்திப் பொதியோட விழுந்துட்டாக. மிஷன் ஆசுபத்திரிக்கு வாரத்துல ஒருநாள் வர டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவுக ஒரு குழாயில நீல மருந்தை ஊத்தி, அதுல ஒண்ணுக்குத் தண்ணியை எட்டுச் சொட்டு விட்டு விளக்குல காய்ச்சினாக. நீலமாவே இருந்தா நல்லதாம். எங்களுக்குச் செங்கல் நிறத்துல கொதிச்சுது.

"சக்கரை வியாதி. சோறு கூடாது. இட்லி, தோசை, கிழங்கு, சீனி, ஒண்ணும் கூடாது. முட்டை, மீன், கறி, கீரை, மோரு, இதைத்தான் சாப்பிடணும்"னுட்டாக.

பொதி தூக்குத ஆளுக்குச் சோறு கூடாதாம்! காலையில ஒரு சட்டி பழைய சோத்தை வெங்காயத்தோட வழிச்சுத் தின்னுட்டுப் போற மனுசன். எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்துது. ஆனா இந்தப் பூரணம் ஒண்ணை ஏத்துக்கிட்டா விடமாட்டா. அன்னைக்கே அரிசிப் பானையை மூடினேன். எனக்கு மட்டும் தனியா என்னத்த உலை வைக்க? நான் கேப்பைக்கூழுக்கு மாறிட்டேன். என் கோழிக முட்டையும், கருவாடும், முருங்கைக்கீரையும்தான் அவுகளுக்கு.

ஆளைக் கட்டில்லயும் போட்டேன். சீக்காளி அசையக்கூடாதுன்னுதான தெருவே சொல்லுச்சு. தண்ணிக்குடத்தைத் தொட்டா பிடுங்குவேன். செருப்பைக் குனிஞ்சு எடுத்தாக்கூடச் சத்தம் போடுவேன். மார்கழியில டாக்டரம்மா காய்ச்சின குழாய் நீலமாவே நின்னுச்சு. சந்தோசப்பட்டேன். ஆனா ஆளு? தோளு சரிஞ்சு, சட்டை கம்புல மாட்டின மாதிரி தொங்குச்சு.

ஒருநாள் சாயங்காலம் அவுக கையை நீட்டி, "இந்தக் கையை வச்சு எப்படிட்டி பொதி தூக்க?"ன்னு கேட்டாக. குரல் உடைஞ்சு போச்சு. கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல நான் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்ல.

அங்கனதான் என் புத்தி கெட்டுது. சோறில்லாததாலதான ஆளு கரையுது, சோறும் குடுக்க முடியாது, சரி, கருப்பட்டி குடுப்போம்னு நினைச்சேன். பிள்ளை பெத்தவளுக்குக் கருப்பட்டி, இருமலுக்குக் கருப்பட்டி, வயித்துவலிக்குக் கருப்பட்டின்னு வளந்தவ நான். டாக்டரம்மா சீனியைத்தான சொன்னாக, பனையில வரது மருந்துல்லான்னு, தினம் மூணு வேளை கெட்டியா கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுத்தேன். அவுகளும் ஆசையா குடிச்சாக.

தைக் கடைசியில குழாய் மறுபடி செங்கலாப் போச்சு.

"என்ன குடுத்த?"ன்னு டாக்டரம்மா கேட்டாக. கருப்பட்டின்னேன். தலையில கைய வச்சுக்கிட்டாக. "வெள்ளையா இருந்தா என்ன, கருப்பா இருந்தா என்ன, ரெண்டும் ரத்தத்துல போய்ச் சக்கரைதானம்மா!" பெறவு என் வீட்டுக்காரரு கையை அமுக்கிப் பாத்துட்டு, "பகல்ல என்ன வேலை செய்யுதீக?"ன்னாக.

"படுத்திருக்கேன்"னாக எங்க வீட்டுக்காரரு, என்னையப் பாத்துக்கிட்டே.

"யாரு படுக்கச் சொன்னது?"

நான் செவத்தைப் பாத்தேன்.

"சோத்தைக் குறைச்சா உடம்பு கரையத்தான் செய்யும். கொழுப்பு கரைஞ்சா கரையட்டும். சதை கரையக்கூடாதுன்னா அதுக்கு வேலை குடுக்கணும். வேலையில்லாத சதையை உடம்பு வச்சுக்கிடாது. முட்டையும் மீனும் தின்னா மட்டும் போதாது, கனத்தைத் தூக்கணும். சின்னதுல ஆரம்பிச்சு, கொஞ்சங் கொஞ்சமா ஏத்தணும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். தலை சுத்தினா நிறுத்திட்டு உடனே இங்க வரணும்."

வீட்டுல கனத்துக்கு எங்க போக? எங்க வீட்டுக்காரரு கொல்லையைச் சுத்திப் பாத்தாக. மூணு மாசமா மாவு காணாம, ஆட்டுக்கல்லு காஞ்சு கிடந்துது. குழவியை உருவி நெஞ்சோட அணைச்சாக.

"கால்ல போட்டுக்கிட்டா அதுக்கும் நான்தான் மருந்துப் பத்து போடணும்"னேன்.

அன்னைக்கு நாலு தடவைதான் உக்காந்து எந்திரிக்க முடிஞ்சுது. அஞ்சாவதுக்குத் தொடை நடுங்கி, அப்படியே தரையில உக்காந்துட்டாக. எனக்கு ஓடிப் போய்க் குழவியைப் பிடுங்கணும் போல இருந்துது. முந்தானையை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

அடுத்த வீட்டு இசக்கியம்மாள் வேலிக்கு மேல எட்டிப் பாத்தா. "ஏட்டி பூரணம், உன் வீட்டுக்காரருக்கு மாவாட்டத் தெரியலன்னா சொல்லிக் குடேன். கல்லைத் தூக்கிக்கிட்டு முழிக்காரு!"

"உன் வீட்டுக்காரரையும் அனுப்பு, சேத்துச் சொல்லிக் குடுக்கேன்"னேன். பெறவு அவளேதான் அவ வீட்டுக் குழவியையும் உருட்டிக் கொண்டாந்து போட்டா.

ஒரு குழவி ரெண்டாச்சு. மாசி பாதியில குழவியை விட்டுட்டுச் சாக்குல மணலைக் கட்டினோம். வாரத்துக்கு ரெண்டு படி மணல் ஏத்துவேன். அளந்து போடுததும் எண்ணுததும் நான்தான். எட்டுலயே பத்துன்னு ஏமாத்தப் பாப்பாக. விடமாட்டேன். தூக்குத அன்னைக்கு முட்டை ரெண்டு கூட. சில நாள் பக்கத்து வீட்டுல சோறு வடிக்கிற மணம் வந்தா அவுக மூஞ்சி வாடிரும். அந்நேரம் மோரை ஊத்திக் குடுப்பேன். குழாய் பச்சைக்கு வந்து, பெறவு நீலத்துக்கு வந்துது. ஒருநாள் துணி துவைக்கையில பாக்கேன், சட்டையில தோளுப்பக்கம் தையல் விட்டிருக்கு. கிழிஞ்ச சட்டையைப் பாத்துச் சந்தோசப்பட்டவ ஊருல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

பங்குனி கடைசிச் சனிக்கிழமை பேட்டைக்குப் போனாக. பொம்பளைக அங்க போறதில்ல. நான் போனேன்.

மேஸ்திரி ஆவுடையப்பன் அண்ணாச்சி நல்ல மனுசன், ஆனா முறையை விடமாட்டாரு. "பாத்துடே பெத்துராசு, கால் நிக்கக்கூடாது"ன்னாரு. செட்டு ஆளு துரைப்பாண்டியும் இன்னொருத்தனும் வண்டியில இருந்து பொதியை இறக்கி அவுக முதுகுல வச்சாக.

பலகை வளைஞ்சுது. மூணு எட்டு, நாலு எட்டு. நடுவுக்கு வரையில வலது முட்டு வெடவெடன்னு ஆடுச்சு. கர்த்தரேன்னு கண்ணை மூடப் போனவ, மூடல. தொடைச் சதை இறுகி ஏறுதது இங்கன இருந்தே எனக்குத் தெரிஞ்சுது. கால் நிக்கல. ஏறிட்டாக! உள்ள பொதி விழுந்த சத்தம் கேட்டுது.

செட்டு ஆளுக விசிலடிச்சாங்க. அண்ணாச்சி கொக்கியை எடுத்துத் துடைச்சுக் கையில குடுத்தாரு. அவுக நெஞ்சு ஏறி இறங்குததைப் பாத்து, "சீக்குல கிடந்த உடம்புடே. இன்னைக்கு இது போதும், நிழல்ல போய் உக்காரு"ன்னு தோளைப் பிடிச்சு அமுக்கினாரு.

அவுக என்னையத் திரும்பிப் பாத்தாக. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வருது, ஒண்ணும் தெரியல. ஆனா வாயி சும்மா இருக்குமா?

"உக்கார வைக்காதீக அண்ணாச்சி! வண்டியில இன்னும் பதினோரு பொதி கிடக்கு!"

பேட்டையே சிரிச்சுது. அவுகளும் சிரிச்சுக்கிட்டே வண்டிக்கு முதுகைக் குடுத்தாக.