தாளாளர் பெயரில் பட்ட அலை

இயற்பியல் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் டிஷ் ஆன்டெனா. அதிகாரம் எந்தப் பக்கம் நிற்கிறதோ, அந்தப் பக்கம் தானாகத் திரும்பிக்கொள்வார். அன்று புதிய ஆய்வகத்தின் திறப்பு விழா. கல்லூரித் தாளாளர் வருகிறார் என்பதால் டிஷ் காலையிலிருந்தே வாசல் பக்கம் திரும்பியிருந்தார்.

"மைக்ரோவேவ் சோதனையை நீயே செஞ்சு காட்டும்மா. நல்லபடியா நடந்தா உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்றேன்" என்று தற்காலிக விரிவுரையாளரிடம் சொல்லியிருந்தார். இதே வாக்கை முன்பும் கொடுத்தவர்தான். ஆனாலும் அவள் நம்பி வீட்டில் சொல்லிவிட்டாள். "இந்த வீட்டு மருமக வேலை ஒண்ணுதான்டி உனக்குப் பர்மனென்ட்" என்று கேலி பேசும் மாமியார்கூட அன்று தன் கையால் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள்.

பெட்டியைத் திறந்தால், அலையை அனுப்பும் கருவி இருக்கிறது, வாங்கும் கருவி இருக்கிறது; அலையைத் திருப்பியனுப்ப நடுவில் நிறுத்தவேண்டிய அலுமினியத் தகட்டைக் காணோம்.

"அதுவா?" டிஷ் கதவோரச் சுவரைக் காட்டினார். தகடு சிவப்புப் பெயின்ட் பூசிக்கொண்டு, தங்க நிற எழுத்தில் தாளாளர் பெயரைச் சுமந்து ஆணியில் தொங்கியது. அடியில் டிஷ்ஷின் பெயரும் இருந்தது. "கல்வெட்டுக்கு நாளாகும்னுட்டாங்க. " மேசையடியிலிருந்து ஒரு பளபளப்பான பலகையை எடுத்து நீட்டினார். "நீ இந்தப் பலகையை வச்சுக்க. கண்ணாடியாட்டம் மின்னுது பாரு, இதுல பட்டுத் திரும்பாதா?"

"பிளாஸ்டிக் சார். அலை அதுபாட்டுக்கு உள்ள பூந்து போயிடும்."

"அட, பளபளப்பைப் பாரும்மா!"

தாளாளர் வந்தார், நாடாவை வெட்டினார், கைதட்டல் வாங்கினார். அவள் பலகையை நடுவில் நிறுத்திக் கருவியை முடுக்கினாள். வாங்கும் கருவியின் முள் படுத்த படுக்கையாகக் கிடந்தது.

"என்னய்யா, செத்துப்போச்சா?" என்றார் தாளாளர்.

டிஷ் அவளை முறைத்தார். வேலை கைநழுவுவது அவள் கண்ணெதிரே தெரிந்தது. விறுவிறுவென்று போய் ஆணியிலிருந்து தகட்டைக் கழற்றி வந்து நடுவில் நிறுத்தினாள். அலை வந்து விழும் கோணத்துக்குச் சமமாக வாங்கும் கருவியை நகர்த்தியதும் முள் துள்ளி எழுந்தது.

"பாத்தீங்களா! என் பேர்ல பட்டதும் உயிர் வந்துடுச்சு!"

"எல்லாம் உங்க ராசி சார்!" என்றார் டிஷ்.

"இந்தப் பொண்ணுக்கு ஏதாவது செய்யுங்கய்யா" என்று தாளாளர் கையசைத்தார்.

அத்தோடு அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் முன்வரிசை மாணவி ஒருத்தி ராசியையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள்.

"பேருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை சார். அலைக்குப் பெயின்ட் தெரியாது." தகட்டைப் பின்பக்கம் திருப்பி வைத்தாள். வெறும் அலுமினியம். முள் எழுந்த இடத்திலேயே நின்றது.

ஒருத்தரும் கைதட்டவில்லை.

அடுத்த மாதம் அனுபவச் சான்றிதழ் வாங்கப் போனாள். அவள் இடத்துக்குத் தாளாளரின் மச்சினர் மகன் வந்திருந்தான். "பாடம் சரிதான்மா. அதுக்காகத் திருப்பிக் காட்டணுமா?" என்றார் டிஷ், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

ஆய்வகத்தில் தகட்டை இப்போது திருகாணி போட்டுச் சுவரோடு இறுக்கியிருந்தார்கள். மாணவர்கள் பளபளப் பலகையை நிறுத்திச் சோதனை செய்தார்கள். முள் அசையவில்லை. இரண்டு கோணமும் சமம் என்று எழுதி நீட்டினார்கள். புதிய விரிவுரையாளர் நிமிராமலே முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தான்.

முன்வரிசை மாணவி மட்டும் வாசலில் நின்ற அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளும் தலையைக் குனிந்து எழுதினாள்.