மயாமியில் அறை இல்லை

1

இந்தக் கதை பிறந்த இடம் ஒரு பிக்கப் வண்டியின் பின்சீட். கேன்சஸிலிருந்து மயாமிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். என் காலடியில் நீளமான பச்சைப் பை ஒன்று உருண்டபடி இருக்கிறது. இறைச்சி சுடும் அடுப்பின் கால்களாக இருக்கும் என்று அதன்மேல் காலை ஊன்றிக்கொண்டு எழுதுகிறேன். நான் எழுதுவது முன்சீட்டில் இருக்கும் இருவருக்கும் தெரியும். தங்களைப் பற்றித்தான் என்பது தெரியாது.

முதல் தொடக்கம்: நம்பிக்கை என்பது ஒரு—

(வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: வெர்லின் டயர் கடை வைத்திருக்கிறான். அவன் மனைவி நோரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். எங்கள் ஊர் ஹார்லன் கல்லூரியின் கால்பந்து அணிக்கு* வெட்டுக்கிளிகள் என்று பெயர். தோற்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. இருந்தும் ஒவ்வொரு ஆகஸ்டிலும், ஆட்டங்கள் தொடங்குமுன், இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து, இறுதியாட்டம் நடக்கப்போகும் ஊரில் ஓர் அறை பிடிப்பார்கள். பணம் திரும்பக் கிடைக்கிற அறைதான். டிசம்பரில் அதே மேசையில் சேர்ந்து உட்கார்ந்து ரத்து செய்வார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம்.

இந்த வருஷம் வெட்டுக்கிளிகள் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டன.

* அமெரிக்கக் கால்பந்து. காலுக்கு அதில் வேலை குறைவு.

2

இந்த இடத்தில் பயணச் செலவு பற்றி ஒரு கட்டுரை எழுத ஆசை. பக்கத்து நகரமான விச்சிட்டாவிலிருந்து மயாமிக்குப் பறக்க வேண்டுமென்றால் முதலில் மினியாபொலிஸ் போகவேண்டும். அதாவது தெற்கே போக வடக்கே. அதற்கு ஓர் ஆளுக்குக் கேட்ட காசில் ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம். (கணக்கு வெர்லினுடையது. நான் சரிபார்க்கவில்லை.) ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்க அவன் தன் மீன்பிடிப் படகை விற்றான். காலிறுதிக்கு டல்லஸ், அரையிறுதிக்கு அட்லாண்டா என்று ஓடியதில் படகின் மோட்டார் முன்பே போயிருந்தது. ஜெயிக்க ஜெயிக்க ஏழையாவது உலகத்தில் இந்த ரசிகர்கள் மட்டும்தான்.

எனக்கு டிக்கெட் இல்லை. பெட்ரோலில் பங்கு தருகிறேன். மைதானத்துக்கு வெளியே, ரசிகர்கள் அடுப்பும் தொலைக்காட்சியுமாகக் கூடும் வண்டி நிறுத்துமிடத்தில், யாருடையதிலாவது பார்ப்பேன். இரவு அவர்கள் அறையில் தரையில் படுத்துக்கொள்வதாகப் பேச்சு.

3

ஜார்ஜியாவில் பெட்ரோல் போட நிறுத்தினோம். நோரீன் வேகவைத்த கடலை வாங்கக் கடைக்குள் போனாள். வெர்லின் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"யோவ் எழுத்தாளா, ஒண்ணு சொல்றேன். கதைல போட்டுடாதே."

"சத்தியமா போட மாட்டேன்."

(போட்டுவிட்டேன்.)

"மயாமில ரூம் இல்ல."

"என்னய்யா சொல்றே?"

"செப்டம்பர்ல அந்தப் பொடிப்பசங்க டீம்கிட்ட நாப்பத்தொண்ணுக்கு மூணுன்னு வாங்கிக் கட்டிக்கிட்டோமே, அன்னைக்கு கேரேஜ்ல உக்காந்து ரத்து பண்ணிட்டேன். தனியா."

அதற்குப் பிறகு அணி தோற்கவே இல்லை என்பதை நினைவுபடுத்த நான் விரும்பவில்லை.

"வேற ரூம் பிடிக்க வேண்டியதுதானே?"

"ஒரு ராத்திரிக்கு என்ன கேக்குறான் தெரியுமா? விக்கிறதுக்கு இன்னொரு படகா வச்சிருக்கேன்?"

"அப்ப அவகிட்ட சொல்லிடு."

"காசு விஷயம்னா சொல்லிருவேன்யா. இத்தன வருஷத்துல அவ ஒரு நாள்கூட நம்பாம இருந்ததில்ல. நான் மூணாவது மேட்ச்லயே விட்டுட்டேன்னு எந்த மூஞ்சிய வச்சுட்டுச் சொல்றது?"

அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு பாவமாக இருந்தது.

4

முடிவு அ: வெர்லின் ஒப்புக்கொள்கிறான், நோரீன் மன்னிக்கிறாள். (நோரீனா? தன் பேருந்து சீட்டில் பபிள்கம் ஒட்டிய பையனையே இன்னும் மன்னிக்காதவள்.)

முடிவு ஆ: ஹோட்டல்காரர்கள் தப்பாக அந்த அறையை இவர்கள் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். (புத்தகத்தை எறிவீர்கள். நியாயம்தான்.)

முடிவு இ: வண்டி வழியில் கவிழ்ந்து— (வண்டிக்குள் நானும் இருக்கிறேன்.)

எழுதியதைத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். இதுவரை நோரீன் கடலை வாங்கியதைத் தவிர எதுவுமே செய்யவில்லை. இப்படியா ஒரு பாத்திரத்தைப் படைப்பது?

5

ஃப்ளோரிடாவில் வெர்லின் கழிப்பறைக்கு இறங்கிப் போனதும் நோரீன் திரும்பினாள்.

"காலை எடு. டென்ட் கம்பி வளையுது."

"டென்ட்டா?"

"பின்ன எங்க படுக்கறது? ஊருக்கு வெளிய டென்ட் போடற எடத்துல சொல்லி வச்சிருக்கேன்."

"அப்ப உனக்கு..."

"செப்டம்பர்லயே தெரியும். கண்ணு செவந்து கேரேஜ்லேர்ந்து வந்தான். என்னாச்சுன்னா, வெங்காயம் உரிச்சேங்கறான். கேரேஜ்ல!"

"ஏன் கேக்கல?"

அவள் கழிப்பறை வாசலைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"அவன் தூங்கினப்புறம் நானும் ரத்து பண்ணத்தான் கம்ப்யூட்டரைத் தொறந்தேன். எனக்கு முன்னாடி பண்ணிட்டான், படுபாவி."

நான் பையின் மேலிருந்து காலை எடுத்தேன்.

"டென்ட்டப் பாத்தா எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சுடும். தெரியட்டும். நான் எதுக்குக் கம்ப்யூட்டரைத் தொறந்தேன்னு மட்டும் தெரியக்கூடாது. நீ வாயத் தொறந்தே, வெளியதான் படுக்கணும். அங்க முதலை உண்டு."

"சத்தியமா சொல்ல மாட்டேன். ஆனா பாவம் நோரீன் அவன். வழியெல்லாம் வெந்துக்கிட்டு வரான்."

"வேகட்டும். செப்டம்பர்லேர்ந்து பாத்திரம் அவன்தான் கழுவுறான்." கடலையை உரித்தாள். ஆனால் தின்னவில்லை. "எம்மேல ஒருத்தன் அவ்வளவு நம்பிக்கை வச்சிருக்கான்யா. அத எப்படிக் கெடுக்கறது?"

6

மறுபடி சாலை. நோரீன் நெட்டி முறித்துவிட்டு, ரொம்ப இனிமையாகக் கேட்கிறாள்.

"அந்த ஹோட்டல் பேரு என்ன சொன்ன, வெர்லின்?"

வெர்லினின் கழுத்து சிவக்கிறது. "அது... பேரு வந்து..." அவன் கண் நடுக்கண்ணாடி வழியாக என்னைத் தேடுகிறது. அவளும் தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியை இறக்கி என்னைத்தான் பார்க்கிறாள்.

"யோவ் எழுத்தாளா," என்கிறான் வெர்லின். "நீதான் சொல்லேன்."

நான் தலை நிமிராமல் இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரையும் விடுவித்துவிடலாம். ஆனால் இரண்டு பேருக்கும் சத்தியம் செய்து தொலைத்திருக்கிறேன்.

படிக்கிற நீங்கள் யாருக்கும் செய்யவில்லை. சொல்லுங்கள்.