கிளமென்ட் மாமா கை வைத்த பலகை

எங்கள் சபைப் பெண் ஈவ்லின் கல்யாணத்தில் ஸ்தோத்திரப் பாட்டுக்குப் பதிலாக என் நைனா கிருபானந்தம் சவ அடக்க ஆராதனைப் பாட்டை ஆர்கனில் வாசித்துவிட்டார். பாதிப் பேர் பழக்கதோஷத்தில் கூடவே பாடியும் விட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா அழுதது ஆனந்தக் கண்ணீர் இல்லை.

"கிருபானந்தத்துக்குக் கண்ணு போச்சு. பலகையில நம்பரே தெரியல. வேற ஆளப் பாக்கணும்" என்றார் சபைச் செயலாளர் கிளமென்ட் மாமா. சித்தூர் சர்ச்சில் மரப்பலகையில் பாட்டு நம்பரை மாட்டுகிறவர் அவர்தான். எல்லாம் தேய்ந்த எண்கள், முதல் வரிசையைத் தாண்டினால் எவருக்கும் தெரியாது. நைனா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆர்கனையும் பிடுங்கிவிட்டால் அந்த மனுஷனுக்கு என்ன மிச்சம்?

திருப்பதியில் ஒரு கம்பெனியில் குட்டிக் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் ஏற்றுவது என் வேலை. அதில் ஒன்றை உள்ளே வைத்து, எண்கள் சிவப்பாக எரியும் பெரிய பலகை செய்தேன். போனில் நம்பர் அடித்தால் கடைசி வரிசைக்கும் தெரியும்.

"அறுப்பின் பண்டிகை வரிக்கும் டைம், கேசியா. ஓடலன்னா ஆர்கன் வேற ஆளுக்கு" என்றார் மாமா.

திருப்பதியில் சமர்த்தாக ஓடியது. சர்ச்சில் மாட்டி மாமா ஸ்விட்சைப் போட்டால் இருட்டு. சோதிப்பதற்காகப் பலகையின் பெட்டியிலிருந்து தொங்கவிட்டிருந்த ஒயரில் லேப்டாப்பை இணைத்தால், லினக்ஸின் இதயமான கெர்னல் திரையில் வரிவரியாக ஓடி, எண் எரிந்தது. லேப்டாப்பைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் மறுபடி இருட்டு. பார்த்தால் வேலை, பார்க்காவிட்டால் தூக்கம். கெர்னலை மாற்றினேன், மெமரி கார்டை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள், இருண்டு கிடந்த பலகையை அணைக்காமலே லேப்டாப்பை இணைத்து என்டர் தட்டினேன். அது சாகவில்லை! கெர்னலை எழுப்பவேண்டிய பூட்லோடர் சும்மா காத்துக்கொண்டிருந்தது. கிளம்புமுன் யாராவது கீயைத் தட்டினால் அது நின்றுவிடும். யாரோ தட்டியிருக்கிறார்கள், குப்பை எழுத்துகள் வந்து விழுந்தன.

லேப்டாப்பைக் கழற்றி, மாமாவை மறுபடி ஸ்விட்ச் போடச் சொன்னேன். இந்தத் தடவை பலகையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். எங்கள் சபையில் புது ஃபேனைக்கூட ஜெபிக்காமல் ஓடவிடமாட்டார்கள். மாமா கண்ணை மூடி, ஒரு கையால் ஸ்விட்சைப் போட்டு, மறுகையைப் பெட்டியில் வைத்து ஜெபித்தார். தொங்கும் ஒயரின் நுனி அந்தக் கைக்குள் இருந்தது. ஆள் தொட்டால் போதும், சுற்றியுள்ள கரண்டின் இரைச்சல் ஒயர் வழியாக எழுத்தென்று உள்ளே போய்விடும்.

"மாமா, நீங்க கை வெச்சா நிக்குது."

"ஜெபம் பண்ணா மிஷின் நிக்குமா? இன்னா பேச்சு பேசிக்கினு கீற?"

கட்டரை எடுத்து ஒயரை வெட்டினேன்.

மறுநாள் பீடத்தைச் சுற்றிக் காணிக்கையாக வந்த பூசணிக்காய்களும் கட்டிய கோழிகளும். மாமா கை வைத்தார், ஜெபித்தார், பலகை பளிச்சென்று எரிந்தது. "ஜெபத்தின் வல்லமை!" என்றார் மைக்கில். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு அவர் போனை மூக்குக்கருகே பிடித்து முதல் பாட்டின் நம்பரை அடித்தார். பாஸ்டர் எழுதிக் கொடுத்திருந்தது கல்யாணத்துக்குக் கொடுத்த அதே ஸ்தோத்திரப் பாட்டு. நைனா வாசிக்க ஆரம்பித்தார்.

அடக்க ஆராதனைப் பாட்டு.

சபை மொத்தமும் நைனாவை முறைத்தது. அப்புறம் பலகையைப் பார்த்தது. அடக்கப் பாட்டின் நம்பர்தான் கடைசி வரிசை வரைக்கும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"கிளமென்ட், நான் குடுத்தது வேற நம்பராச்சே" என்றார் பாஸ்டர்.

மாமா சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். நைனா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"அன்னிக்கும் பலகையில இதான் இருந்துச்சி. யாரு என்னைக் கேட்டீங்க?"