விசில் அடிக்காத குக்கர்

குக்கர் என்று பெயர் வைத்துவிட்டு விசில் வைக்காமல் விட்டால் அது என்ன குக்கர்? பரணிலிருந்து இறங்கி வந்த அந்தக் கனத்த பீங்கான் பானையையும் அதன் கண்ணாடி மூடியையும் டைலரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டிரைவர்கள் சங்கக் குலுக்கலில் அவள் கணவருக்கு விழுந்த பரிசு அது. வந்த நாளிலிருந்து அட்டைப்பெட்டியோடு பரணில் சிவனே என்று கிடந்தது.

"இது ஸ்லோ குக்கர். மெதுவாத்தான் சமைக்கும்," என்றார் கணவர், அவள் தன் உதட்டைப் பார்க்கும்படி நேராக நின்றுகொண்டு. "அடுப்பு வேணாம், கிளற வேணாம், பக்கத்துல நிக்கக்கூட வேணாம். கடலையையும் சாக்லேட்டையும் போட்டு மூடிட்டா அதுவே மிட்டாய் ஆகிடும். முக்கியமா, சத்தமே வராது."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவர் பரணில் ஏறினார் என்பது அவளுக்குத் தெரியும்.

மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் டைலரம்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் சும்மா போகாமல், இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போனது. மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். ஓர் இடத்தில் நிற்காத பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அந்த வாலுவின் வாயிலிருந்து அவள் காதால் கேட்டதெல்லாம் குழந்தை அழுகை மட்டும்தான். பிள்ளை முதன்முதலாக 'அம்மா' என்று சொன்னதை அவள் கண்ணால்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த கதை, கேள்வி, பொய், சண்டை எல்லாமே உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டவைதான். இப்போது பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். அந்தக் குரல் கீச்சுக்குரலா கட்டைக்குரலா என்று பெற்றவளுக்குத் தெரியாது. கணவரைக் கேட்டால் "என்னை மாதிரி" என்பார். அவர் குரலே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அந்தக் குரலுக்காகத்தான் ஆபரேஷனுக்குத் தலையைக் கொடுத்தாள். உள்ளே ஒரு மெல்லிய கம்பி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்தார்கள். அதிலிருந்து நீளும் வட்டத் தகடு காந்தத்தால் மண்டையில் ஒட்டிக்கொள்ளும். கருவியை முதல்முறை இயக்கிய நாளில் எதிரில் வாலுவைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். "அம்மா, கேக்குதா?" என்றன பிள்ளையின் உதடுகள். கூடவே தகர டப்பாவுக்குள் எலி பிறாண்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. டைலரம்மாவின் முகம் கோணிப்போனது. கை தானாகக் கருவியைப் பிடுங்கப் போனது. அதை வாலு பார்த்துவிட்டாள்.

"போகப் போகச் சரியாகும், மூளை பழகணும்," என்றார் டாக்டர். பழகுவதற்குள் உயிர் போய்விடும் போலிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். தட்டை மேஜையில் வைத்தால் தலைக்குள் சுத்தியல் விழுந்தது. குழாயைத் திறந்தால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டினார்கள். கடையில் அவளுடைய தையல் மிஷின், கையோடும் காலோடும் பிறந்ததுபோல இருந்த மிஷின், யாரோ எதிரி வீட்டு மிஷின் மாதிரி கத்தியது. கருவி அவள் தலையில் இருந்த நேரத்தைவிடப் பெட்டியில் இருந்த நேரம்தான் அதிகம்.

அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். போன வாரம் வேறொன்றைக் கண்டுபிடித்தாள். கருவி தலையில் இருந்தது. வாலு எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றைக் கை காலெல்லாம் ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எலி பிறாண்டவில்லை. கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று மேஜையைத் தட்டிப் பார்த்தாள். சுத்தியல் சரியாகவே விழுந்தது. அப்போதுதான் புரிந்தது, பிள்ளை வெறும் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறாள். தன் குரல் அம்மாவுக்கு வலிக்கிறது என்று குரலையே நிறுத்திக்கொண்டாள்.

அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டைலரம்மா அழுதாள். மகள் குரலைக் கேட்க ஆசைப்பட்டு மகளை ஊமையாக்கியதுதான் மிச்சம். நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகவேண்டும். 'இது எனக்கு வேண்டாம், இனிமேல் மாட்டமாட்டேன்' என்று கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள். பிறகாவது பிள்ளை பழையபடி வாய்விட்டுப் பேசுவாள். தனக்குக் கேட்காவிட்டால் என்ன, ஊருக்காவது கேட்கட்டும். இன்று காலையில் கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. "சரி. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மாட்டிக்க," என்று சொல்லிவிட்டுப் பரணில் ஏறினார்.

கடலையைப் பானையில் கொட்டினால் ஆலங்கட்டி மழைதான். அதனால் அவர் வறுத்த வேர்க்கடலையைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து அடியில் பரப்பினார். ஹார்ன் அடித்தே ஊரை ஒதுங்க வைக்கிற மனிதர், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலக் கடலையைக் கிடத்தினார். சாக்லேட் கட்டிகளைத் தடித்த டவலில் சுற்றி, டவலுக்குள்ளேயே உடைத்தார். கடலைக்கு மேல் கறுப்புச் சாக்லேட் ஒரு அடுக்கு, அதற்கு மேல் பால் சாக்லேட், எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளை. பிறகு மூடியின் அடியில் ஒரு துணியைக் கொடுத்து, நுனிகளை மேலே இழுத்து முடிச்சுப் போட்டார்.

"மூடிக்கு எதுக்குங்க தலைப்பாகை?"

"ஆவி மேல போய்த் தண்ணியா நிக்குமாம். ஒரு சொட்டு உள்ள விழுந்தாப் போதும், சாக்லேட் பூரா மண்ணு மாதிரி கட்டிக்கும். துணி அந்தத் தண்ணியக் குடிச்சுக்கும்."

"இதெல்லாம் யாரு சொன்னது?"

"கண்டக்டர்."

"அவருக்குச் சில்லறையே சரியா எண்ணத் தெரியாதுன்னு சொல்வீங்களே?"

"சமையல் தெரியும்."

குமிழைத் திருகிக் குறைந்த சூட்டில் வைத்தார். சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அவ்வளவுதான்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. உக்காரு."

சும்மா உட்காருவது டைலரம்மாவின் ஜாதகத்திலேயே கிடையாது. பட்டன் தைத்துக்கொண்டே டீ குடிக்கிறவள் அவள். கரண்டியை எடுத்தாள், வைத்தாள். "ஒரே ஒரு தடவை கிளறிப் பாக்கட்டுமா?" என்றாள். கணவர் பானைக்கும் அவளுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வாலு படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். வெயில் சாப்பாட்டு மேஜையில் பாதிவரை வந்து நின்றது.

முதலில் வாசனை வந்தது. மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் வந்து அறையை நிறைத்தது. அதற்கு நடுவில் வேறு ஏதோ ஒன்று. ஸ்ர்ர். அவள் சுற்றிலும் பார்த்தாள். மறுபடியும் ஸ்ர்ர். சரியாக அந்த நேரத்தில் கணவரின் மூக்கு விடைத்து அடங்கியதைக் கண்டாள்.

"நீங்களா அது?"

"எது?"

"மூக்கை உறிஞ்சினீங்களா?"

அவர் வீட்டு வாசனை முழுவதையும் இழுத்துவிடுவதுபோல நீளமாக உறிஞ்சினார். அதே சத்தம், அதே நீளத்தில் அவள் தலைக்குள் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மூக்குக்கு இவ்வளவு சத்தமா? காலையிலிருந்து கருவியைக் கழற்றவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கழற்றத் தோன்றவும் இல்லை. ஆனாலும் மூக்கைப் பார்த்துவிட்டுக் கேட்பது ஒரு கேட்பதா என்று தன்னையே கடிந்துகொண்டாள். நாளைக்கென்று எடுத்த முடிவு முடிவுதான்.

நேரம் வந்ததும் கணவர் மூடியைத் தூக்கினார். அவள் எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கட்டிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. விளிம்பு மழுங்கவில்லை. மேலே அச்சடித்திருந்த கோடுகூட அழியவில்லை.

"உங்க கண்டக்டர் நல்லா டிக்கெட் கொடுத்திருக்கார்," என்றாள். "இவ்வளவு நேரம் காத்துக் கிடந்தோம், ஒண்ணுமே ஆகல பாருங்க."

"தொட்டுப் பாரு."

மரக்கரண்டியின் நுனியால் ஒரு கட்டியைத் தொட்டாள். கட்டி அங்கே இல்லை. கரண்டி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. கட்டியாக நின்ற வெள்ளை, பொசுக்கென்று அமிழ்ந்து வழிந்தது. அடுத்ததைத் தொட்டாள், அதுவும் அப்படியே. எல்லாம் எப்போதோ உருகியிருந்தன. தொட ஆள் இல்லாததால் பழைய உருவத்திலேயே நின்றிருக்கின்றன. டைலரம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. கொதி இல்லை, தீ இல்லை, ஒரு குமிழிகூட வெடிக்கவில்லை. கண் முன்னால் உட்கார்ந்திருந்தும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரண்டி சுற்றச் சுற்ற வெள்ளையும் பாலும் கறுப்பும் கலந்து பளபளவென்று ஒரே நிறமாயின. அடியிலிருந்து கடலைகள் சாக்லேட் பூசிக்கொண்டு மேலே வந்தன. "என்னங்க இது, என்னங்க இது," என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கணவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

ஒட்டாத காகிதத்தை மேஜையில் விரித்து, ஸ்பூனால் எடுத்து எடுத்து வரிசையாக வைத்தார்கள். சட்டைக்குப் பட்டன் வைக்கிற கை அல்லவா, ஒன்றுக்கொன்று இடைவெளி இம்மி பிசகவில்லை. கணவர் விரல் நீட்டினார். அவள் தட்டிவிட்டாள்.

"ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்க முடியாதா? போய்ப் படுங்க."

அவர் கூடத்துக்குப் போனார். அவள் பானையைத் தொட்டிக்குத் தூக்கிப் போய், குழாயைத் திறக்காமல், ஒட்டியிருந்த சாக்லேட்டைக் காகிதத்தால் வழிக்க ஆரம்பித்தாள். முதுகுப் பக்கம் மேஜை. முகத்துக்கு நேரே சுவர்.

கரக்.

"வாலு, அது இன்னும் இறுகல. கையை எடு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. கை பானைக்குள் அப்படியே நின்றது. முன்னால் எந்த உதடும் அசையவில்லை. எந்த மூக்கும் விடைக்கவில்லை. சுவர் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் கேட்டது சுத்தியலும் இல்லை, ஜல்லியும் இல்லை. பல்லுக்கு நடுவில் கடலை உடைகிற சத்தம். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கிருந்து தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பின்னால் யாரும் இல்லாவிட்டால்? கதவோ நாற்காலியோ எதுவோ அசைந்த சத்தத்தைத் தன் ஆசை கடலையாக்கிவிட்டது என்றால்? வீட்டில் திருட்டு நடந்திருக்கவேண்டும் என்று எந்தப் பெண்ணாவது இப்படி வேண்டிக்கொண்டிருப்பாளா? அவள் வேண்டிக்கொண்டாள்.

ஓரக்கண்ணில் நீலச் சட்டை ஒன்று நகர்ந்தது. வாலுதான், தோழி வீட்டிலிருந்து எப்போது வந்தாளோ. அம்மாவிடம் பேசவேண்டும் என்றால் அம்மாவின் முகத்துக்கு நேரே வந்து நிற்கவேண்டும் என்பது நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குப் பழக்கம். அதற்காகச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"வராதே," என்றாள் டைலரம்மா. "அங்கேயே நில்லு."

நீலம் நின்றது.

"என்ன சொல்ல வந்தியோ, அதை அங்கிருந்தே சொல்லு. சும்மா உதட்டை ஆட்டாதே. வாயைத் திறந்து சொல்லு."

ஒன்றும் வரவில்லை. பிள்ளை யோசிக்கிறாளா, பயப்படுகிறாளா, சொல்லியும் தனக்குத்தான் கேட்கவில்லையா? பானையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மிம்மா."

தகரம்தான். தகரம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குள் உப்பு தனியாக இருந்தது, கம்மி தனியாக இருந்தது, கடைசியில் அந்த 'ம்மா' இழுத்துக்கொண்டு நின்றது. வாய் நிறையக் கடலையை அடைத்துக்கொண்டு பேசுகிற பிள்ளையின் குரல். கீச்சுக்குரல் இல்லை, கட்டைக்குரல்.

"கம்மியெல்லாம் இல்ல," என்றாள் வெடுக்கென்று. "கடலையிலேயே உப்பு இருக்கு. அது போதும்."

"போதாதும்மா. வேணும்னா அப்பாவைக் கேளு."

"உங்கப்பா நாக்குக்கு எல்லாமே கம்மிதான்."

கரக்.

"மறுபடியும் எடுத்தியா? இறுகலன்னு சொல்றேன், காதுல விழலையா உனக்கு?"

பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற ஒரு ஸ்ர்ர். இந்த முறை அது கணவருடையது இல்லை.

"அம்மா," என்றது கட்டைக்குரல், பாதியில் உடைந்து. "நீ என்னைப் பாக்கவே இல்லையேம்மா."

டைலரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையிலும் சாக்லேட் இருந்தது. சுவரைப் பார்த்தபடியே நின்றாள்.

"பேசிட்டே இரு," என்றாள். "நான் திரும்ப மாட்டேன்."