தூக்கி நிறுத்த எத்தனை பேர்

1

இந்தக் கதை எனக்குக் கீழ்க்கட்டளை சிக்னலில் கிடைத்தது. வழக்கமாக அங்கே கிடைப்பது புகையும் எரிச்சலும்தான். அன்று எனக்கு முன்னால் ஒரு பெரிய சாகசப் பயண பைக் நின்றது. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள், எருமைக் கொம்பு போல அகன்ற ஹேண்டில்பார். பனிமலையும் பாலைவனமும் கடப்பதற்கென்றே செய்த வண்டி. ஓட்டியவர் ஒற்றைக் கால் நுனியைத் தரையில் ஊன்றி, இன்ஜின் சூட்டுக்குப் பயந்து தொடையை விலக்கி வைத்துக்கொண்டு தவித்தார். அவருக்கும் பக்கத்தில் நின்ற பேருந்துக்கும் இடையில் இருந்த சந்தில், கேஸ் சிலிண்டரைச் சுமந்த ஒரு பழைய மொபெட் நுழைந்து போய்விட்டது.

என்னிடம் இருந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஸ்டெபினுக்குச் சிறு வயதிலிருந்தே மலைகள் என்றால்" — இல்லை. சிறு வயதில் அவன் மலையைப் பற்றி யோசித்ததே கிடையாது.

அடுத்து: "வாழ்க்கை என்பது ஒரு நெடிய பயணம் என்று" — இதை அடித்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது நிலைத்தது. ஸ்டெபினுக்கு நாற்பத்து மூன்று வயது. தாம்பரம் சானடோரியத்தில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் சரக்கு ஆவணங்களைப் பார்க்கிறான். அவன் கையெழுத்துப் போட்டால் தோல் செருப்புகள் ஐரோப்பாவுக்குப் போகும். அவன் சேலையூரில் இருக்கும் வீட்டுக்குப் போவான். மனைவி ஜெரூஷா பள்ளியில் கணித ஆசிரியை. வரும் ஜூனில் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் எம்.எட். படிக்க நினைத்திருக்கிறாள். ஸ்டெபின் பார்த்து வைத்திருக்கும் வண்டியை வாங்கினால், மாதத் தவணை கட்ட இரண்டு சம்பளமும் வேண்டும். அப்போது ஜூன் கிடையாது. இது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேச்சில் எடுத்ததில்லை.

(விலையை லட்சங்களில் எழுதலாம். எழுதினால் நீங்கள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விலை: ஜெரூஷாவின் இரண்டு வருடம்.)

3

கொஞ்சம் பொறுங்கள். இந்த வண்டி ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

பாறை மேல் சக்கரம் ஏறி இறங்க வேண்டுமானால், அது மேலும் கீழும் போய்வர ஏறக்குறைய ஒரு சாண் இடம் வேண்டும். அதனால் வண்டியின் உடம்பு உயர்கிறது, கூடவே சீட்டும். இரண்டு பேரையும் மூட்டைகளையும் நாள் முழுக்க இழுக்கப் பெரிய இன்ஜின் வேண்டும். அந்த இன்ஜினுக்குப் பெரிய டாங்க். டாங்க் மேலே இருப்பதால் எடையும் மேலே. எல்லாம் சேர்ந்து கால் டன். ஓடும்போது அது தெரியாது. வேகம் வந்துவிட்டால் வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். நிறுத்தும்போதுதான் கால் டன்னும் உங்கள் ஒற்றைக் காலைத் தேடி வரும்.* நம் பக்கத்துச் சாலைகளில் ஒரு வண்டி அதிகம் செய்கிற வேலை என்ன? நிற்பது.

* நடுத்தர வண்டிகளும் உண்டு. விலை ஆறில் ஒரு பங்கு, எடையும் ஓர் ஆளளவு குறைவு, கல்லையும் மண்ணையும் ஏறக்குறைய அதே போலக் கடக்கும். நியாயமாகப் பார்த்தால் கதை இந்த அடிக்குறிப்பிலேயே முடிந்துவிட வேண்டும். ஸ்டெபினைச் சொல்ல வைத்துப் பார்த்தேன். "அது போதும்தான்" என்றான். அந்தப் 'போதும்' இருக்கிறதே, அதனால்தான் மேலே எழுதுகிறேன்.

4

வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு தெரியாமல், ஒரு புதன்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்ததும், ஸ்டெபின் ஆயர் ஞானையாவிடம் ஒரு பைக் விஷயமாக ஜெபித்துக்கொள்ளச் சொன்னான். ஞானையாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கேட்டது கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு முன்கூட்டியே நன்றி சொல்லிவிடுவார். வேலை, வரன், விசா, எதுவானாலும் அப்படித்தான். ஞாயிறு ஆராதனையில், நீண்ட ஜெபத்தின் நடுவே, "சகோதரன் ஸ்டெபின் குடும்பத்துக்கு நீர் தந்த புதிய வாகனத்துக்காக ஸ்தோத்திரம்" என்றார். சபை ஆமென் என்றது. பெண்கள் பக்கத்தில் ஜெரூஷாவும் பழக்கத்தில் ஆமென் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது.

வாசலில் ஆளாளுக்குக் கை குலுக்கினார்கள். அடுத்த ஞாயிறு வண்டியைக் கொண்டு வந்துவிடு, டாங்க் மேல் கை வைத்து ஜெபித்துவிடலாம் என்றார் ஆயர். பாடகர் குழுவில் ஸ்டெபினோடு பாடுகிற ஃபிரெடி, வண்டிகள் நிற்கும் இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான்.

"இன்னா மச்சான், வண்டியவே காணோம். விசுவாசக் கண்ணாலதான் பாக்கணுமா?"

வீட்டுக்கு வந்ததும் ஜெரூஷா சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். நீயும்தானே ஆமென் சொன்னாய் என்று ஸ்டெபின் முனகியது தப்பாகப் போயிற்று.

"அவர் மூச்சு விடுற இடத்துல எல்லாம் நான் ஆமென் சொல்லுவேன். சின்ன வயசுப் பழக்கம். அத வெச்சு லோன் போடுவீங்களா?" என்றாள். பிறகு, "சனிக்கிழம ஷோரூமுக்கு நானும் வரேன். ஓட்டிக் காட்டுங்க."

(இந்த இடத்தில் அவள் அழுவதாக எழுதியிருந்தேன். அவள் அழவில்லை. அவன் சோற்றில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். ஸ்டெபின் தலை நிமிராமல் அதையும் பிசைந்தான்.)

5

சனிக்கிழமை. ஷோரூமில் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். ஷோரூம் ஆள் ஸ்கூட்டரில் கூடவே வருவதாக எழுதி, அவரைப் பல்லாவரம் நெரிசலில் தொலைத்துவிட்டேன். அவர் இல்லாமலே கதை நடக்கும்.

நெரிசலில் வண்டி கொதித்தது. ஸ்டெபின் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கால் நுனியால் தரையைத் துழாவினான். திருநீர்மலைச் சாலையில் கொஞ்சம் வழி கிடைத்ததும் த்ராட்டிலைத் திருகினான். பள்ளங்கள் வந்தன, ஆனால் முதுகுவரை வந்து சேரவில்லை. வேகத்தடை ஒன்று வந்து போனதே தெரியவில்லை. ஜெரூஷா அவன் தோளைத் தட்டினாள். மெதுவாகப் போகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தான்.

"இன்னும் கொஞ்ச தூரம் போலாம்" என்றாள்.

எனக்கு இது இடைஞ்சல். வேண்டாம் என்று சொல்வதற்காகவே நான் உருவாக்கிய பெண் அவள். இப்போது பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

மலை அடிவாரத்தில் ஒரு பூ வண்டி குறுக்கே வந்தது. ஸ்டெபின் நிறுத்தினான். அந்த இடத்தில் சாலையின் ஓரம் சரிந்திருந்தது. கீழே போன கால் தரையைத் தேடியது, தரை அங்கே இல்லை. வண்டி அவசரமே இல்லாமல் சாய்ந்தது. இருவரும் குதித்துத் தப்பினார்கள். அடி இல்லை.

ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. (இழுக்கக் கூடாது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டில் இடுப்பை அணைத்து, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் பின்பிடியையும் பற்றி, காலால் தரையை உந்திப் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். தூக்குவது கை இல்லை, தொடை.) வீடியோக்களில் பார்த்துப் பார்த்து ஸ்டெபினுக்கு இது மனப்பாடம். செய்தான். வண்டி ஒரு முழம் எழுந்து மறுபடி படுத்துக்கொண்டது. ஜெரூஷா துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, அவன் பக்கத்தில் வந்து முதுகைக் கொடுத்தாள். இருவரும் தோளோடு தோள் உரசப் பின்பக்கமாக நடந்தார்கள். வண்டி நிமிர்ந்தது.

அவள் கையைத் தட்டிக்கொண்டாள்.

"நல்ல வண்டிங்க. பொய் சொல்லல, எனக்கே பிடிச்சிருக்கு."

அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"ஆனா விழுந்தா தூக்க ரெண்டு பேர் வேணும். ஜூன்லேர்ந்து நான் காலேஜ் போயிடுவேன். இன்னொரு ஆள் யாரு?"

ஜூன் என்ற சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

6

ஜெரூஷா சாவியை வாங்கித் தானே ஓட்டிப்போவதாக ஒரு முடிவு இருந்தது. நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் அவள் கியர் வண்டி ஓட்டியதில்லை. கால் டன்னில் பழக வேண்டாம்.

ஆகவே ஸ்டெபின்தான் பதில் சொல்ல வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

"ஃபிரெடிய கூட்டிட்டுப் போவேன்" என்றான் முதலில். நல்லது, லோனில் அவர் பேரையும் சேர்த்துக்கோங்க என்றாள் அவள்.

அடுத்து, நடுத்தர வண்டியே வாங்கிக்கொள்கிறேன் என்றான். கணக்கு சரியாக வந்தது. ஆனால் சொல்லும்போது பெரிய வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

பிறகு, "எனக்கு வண்டியே வேணாம் ஜெரூ, நீ படி" என்றான். இதுதான் முடிவு என்று நினைத்துப் பேனாவை மூடப்போனேன்.

"இத எத்தன வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவீங்க?" என்று கேட்டாள்.

நாளைக்கு ஞாயிறு. ஆயர் வண்டிக்காக ஆலய வாசலில் வந்து நிற்பார். இப்போது ஸ்டெபின் இன்ஜினைக் கிளப்பிவிட்டு, கால் நுனியை ஊன்றிக் காத்திருக்கிறான். ஜெரூஷா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்கிறாள். மூன்று பதில் எழுதினேன், மூன்றிலும் அவள் ஏறவில்லை.

நான்காவதை நீங்கள் சொல்லிப் பாருங்கள்.