கொஞ்சம் எழும்புங்க

மனிதன் தன்னைத்தானே நம்பாமல் போன நாளில் கணக்காய்வு பிறந்தது. அடுத்தவனைத் தன்னை நம்பவைக்கத் துணிந்த நாளில் ஆலோசனை பிறந்தது. நாகரிகத்தின் இந்த இரண்டு பெருநதிகளும் வந்து கூடும் இடம் வாழைச்சேனையில், ஒரு கோழிக்கடையின் மேல்மாடியில் இருந்தது. அங்கே உதயரூபன் இருந்தார். மின்விசிறியை வேகமாகப் போட்டால் ஒன்றிரண்டு இறகுகள் பறந்து வரும். மற்றபடி கொழும்பிலுள்ள எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இது குறைந்ததல்ல என்பது அவருடைய முடிவு.

அறை ஒன்றுதான், அவருக்குக் கதிரை இரண்டு. மேசைக்குப் பின்னால் இடப்பக்கம் ஒரு கறுப்புச் சுழல்கதிரை. அதில் இருந்தால் அவர் கணக்காய்வாளர். வலப்பக்கம் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை. அதில் இருந்தால் ஆலோசகர். கணக்காய்வாளர் சற்று உயரத்தில் இருக்கவேண்டும், ஆலோசகர் வாடிக்கையாளரின் மட்டத்துக்கு இறங்கி வரவேண்டும் என்று அதற்கொரு தத்துவமும் வைத்திருந்தார். ஒருவருக்கு யோசனை சொன்ன வாயாலேயே அவருடைய கணக்குக்குச் சாட்சி சொல்லக்கூடாது என்று படித்த இடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். வாயை மாற்ற முடியாது. கதிரையை மாற்றலாம்.

இதைக் கதிர்காமத்தம்பிக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. கிரானில் பந்தலும் கதிரையும் சமையல் கிடாரமும் வாடகைக்கு விடுகிறவர் அவர்.

"தம்பி, இந்த ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஆலோசகர் உங்கட பக்கம், அண்ணன். கணக்காய்வாளர் ஆர்ர பக்கமும் இல்ல."

"அப்ப மறுகா, ரெண்டு பேருக்கும் காசு குடுக்கிறது ஆரு?"

"நீங்கதான்."

கதிர்காமத்தம்பி இரண்டு கதிரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கெண்டா ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரித்தான் இரிக்கி," என்றார்.

போன வருடம் ஆலோசகர் அவருக்குச் செய்தது கொஞ்சமல்ல. 'கதிர்காமத்தம்பி பந்தல் சேவை' என்றிருந்ததை 'கே.ரி. ஈவன்ற் சொலூஷன்ஸ் பிரைவேற் லிமிற்றட்' ஆக்கினார். கிரானோடு நின்றுவிடாமல் உன்னிச்சை வரைக்கும் கதிரை போகவேண்டும் என்றார். களவு போகாமல் அறுநூறு கதிரைக்கும் இலக்கம் எழுதச் சொன்னார். முதுகில் எழுதினால் கலியாண அல்பத்தில் அசிங்கமாக விழும், அடியில் எழுதுங்கள் என்றதும் அவர்தான். கதிர்காமத்தம்பியின் மனைவி புஸ்பம் முற்றத்தில் குந்தியிருந்து மஞ்சள் பெயின்ற்றால் ஒன்றிலிருந்து அறுநூறு வரை எழுதி முடித்தபோது அவளுக்கு நாரி நிமிரவில்லை. தை மாதம் உதயரூபன் இந்த மேல்மாடியைத் திறந்து கணக்காய்வாளர் பலகையையும் மாட்டியபோது பந்தலும் கதிரையும் போட்டு, மாலையும் போட்டவர் கதிர்காமத்தம்பி. சித்திரை வருசத்துக்கு முன்னம் அவருக்கு இரண்டாவது லொறி வேண்டும். இருக்கிற லொறி பாலம் ஏறுவதென்றால் ஆட்கள் இறங்கித் தள்ளவேண்டும். கணக்காய்வாளர் கையெழுத்து வைத்த கணக்கைக் கொண்டுவந்தால் கடன் தருவதாக வங்கி சொல்லியிருந்தது.

ஆகவே மார்ச் மாதத்தின் கடைசி நாள், கணக்காய்வாளர் கதிரைகளைக் கண்ணால் காண்பதற்காகக் கிரானுக்கு எழுந்தருளினார். இருநூறு கதிரை முற்றத்தில் கால்களை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. மிச்ச நானூறும் உன்னிச்சையில், வயல்காரரான ஒரு பெரிய போடியாரின் செத்தவீட்டில் என்றார் கதிர்காமத்தம்பி.

"நாளைக்கு வந்திரும் தம்பி, நாளைக்குப் பாப்பமே."

"நிதியாண்டு செத்தவருக்காகக் காத்திரிக்காது, அண்ணன்."

புஸ்பத்தின் தம்பி ரதீஸ்தான் லொறி சாரதி. மூவரும் அதிலேயே போனார்கள். பாலத்தில் கணக்காய்வாளரும் இறங்கித் தள்ளினார்.

உன்னிச்சையில் எல்லாக் கதிரையிலும் ஆட்கள் இருந்தார்கள். இலக்கமோ அவர்களுக்கு அடியில். ஒரு மனிதனின் யோசனை இன்னொருவனை எந்த அளவுக்குக் கஷ்டப்படுத்தும் என்பதை உதயரூபன் அன்றுதான் உணர்ந்தார். ஆலோசகர் மீது அவருக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவரிடம் குனிந்து, "ஐயா, கொஞ்சம் எழும்புங்க," என்றார்.

பெரியவர் எழும்பினார். அதைக் கண்டு பக்கத்தில் இருந்தவர் எழும்பினார். பிறகு வரிசை எழும்பியது. சற்று நேரத்தில் முழுப் பந்தலும் எழுந்து தலையைக் குனிந்து நின்றது. பறைமேளம் நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய மனிதர் ஒருவர் எல்லோரையும் எழுப்பினால் அவர் வேறெதற்கு வந்திருப்பார்? யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

செத்தவரின் பெயர் உதயரூபனுக்குத் தெரியாது. 'அன்னார்' என்று தொடங்கினார். அன்னாரின் இடத்தை எவராலும் நிரப்ப முடியாது என்றார். பின்னால் கதிர்காமத்தம்பியும் ரதீஸும் கதிரைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் மூச்சு வாங்க நிறுத்தும் போதெல்லாம் "முன்னூற்றி ரெண்டு!" "முன்னூற்றி மூண்டு!" என்று சத்தம் வந்தது. போடியாரின் வயல் வட்டையில் எத்தனை ஏக்கர் என்று சொல்கிறார்களாக்கும் என்று சிலர் தலையை ஆட்டினார்கள். எண்ணி முடியும்வரை பேச்சும் முடிய வழியில்லை. அன்னாரின் மகள் விம்மி அழுதாள். அன்று பேசியவர்களுக்குள் இவருடைய பேச்சுத்தான் திறம் என்று பிறகு ஊரில் கதைத்தார்கள்.

எல்லாம் இருந்தது. நானூற்றுப் பதினேழாம் இலக்கம் மட்டும் இல்லை.

கணக்காய்வாளர் கையெழுத்து வைக்க மறுத்தார். கதிர்காமத்தம்பி நாலு தரம் மேல்மாடி ஏறி இறங்கினார். வங்கி சொன்ன கடைசி நாளுக்கு முதல்நாள் புஸ்பம் குடையோடு வந்தாள்.

"ஒரு கதிரைதானே தம்பி?"

"ஒரு கதிரை இல்லக்கா," சுழல்கதிரையில் சாய்ந்தபடி உதயரூபன் சொன்னார். "கட்டுப்பாட்டுக் குறைபாடு. இண்டைக்குக் கதிரை, நாளைக்குக் கிடாரம்."

பிறகு மனம் இரங்கி எழுந்து, வலப்பக்கம் வந்து வெள்ளைக் கதிரையில் அமர்ந்தார். குரலும் இறங்கியது.

"இனி ஆலோசகனாச் சொல்றன். லொறியில ஏத்தி இறக்கிறது ஆரு? ரதீஸ். ஆள வேலையால நிப்பாட்டுங்க. நிப்பாட்டினீங்கெண்டா," ஆளில்லாமல் இன்னும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்த சுழல்கதிரையைக் காட்டி, "அவர் கையெழுத்து வைப்பார். நான் கதைச்சுப் பாக்கிறன்."

"எண்ட தம்பியக் கள்ளன் எண்டுறீங்க."

"நான் சொல்லல்லக்கா. கணக்குச் சொல்லுது."

கீழே யாரோ நாட்டுக்கோழி என்ன விலை என்று கேட்டார்கள்.

"பொங்கலுக்கு எண்ணக்குள்ள அறுநூறும் இரிந்திச்சி. அதுக்குப் பிறகு நம்மட கதிரை போன எல்லா வீட்டுக்கும் போய் வந்திட்டன் தம்பி. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்தவீடு. நீங்க உன்னிச்சையில செஞ்ச மாதிரி எல்லாரையும் எழுப்பித்தான் பாத்தன். ஒரு ஆள் ஏசினாரு. ஒரு கிழவி அழத் தொடங்கிட்டா."

"அதுதான் அக்கா கணக்காய்வு!" உதயரூபனுக்குத் தன் தொழில் கிரான் வரைக்கும் பரவிவிட்ட பெருமிதம். "ஒரு இடத்தையும் விடக்கூடாது."

"விடல்ல. ஒரு இடம்தான் மிச்சம்."

"எங்க?"

புஸ்பம் குடையை மேசையில் வைத்தாள்.

"தம்பி, கொஞ்சம் எழும்புங்க."

அவர் எழும்பினார். அவள் அந்த வெள்ளைக் கதிரையைத் தூக்கிக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். காற்றில் அலைந்த கோழி இறகு ஒன்று அதன் காலில் வந்து ஒட்டியது.

அடியில் மஞ்சள் பெயின்ற்றில் 417 என்று எழுதியிருந்தது.