விற்பனைக்கு எடுத்த படங்கள்

என் மனைவி படம் எடுத்தால் எலி வளைகூட அரண்மனையாகத் தெரியும். அதுதான் அவள் பிழைப்பு. வீடு விற்றுக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவள் போட்டோகிராபர். அந்தத் திறமை எங்கள் தலையிலேயே மண்ணை வாரிப் போடும் என்று எந்த மடையனுக்குத் தெரியும்?

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு நகரின் நட்டநடுவில், மூன்றாம் மாடியில். சுற்றிலும் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் சிமெண்டுத் தூசி, மூடினால் புழுக்கம். ஆனாலும் நான் மெக்கானிக்காக இருக்கும் பஸ் டிப்போ அடுத்த தெரு. மகளின் பள்ளிக்கூடம் எதிரே. இந்த வீடு போனால் இந்த வட்டாரத்தில் எங்களுக்கு ஒரு கழிப்பறைகூடக் கிடைக்காது.

வீட்டுக்காரர் வேறு ஊரில் இருக்கிறார். வீட்டை அவர் பார்த்தே பல வருஷம் ஆகிறது. விற்கப்போகிறேன் என்று அவர் போனில் சொன்னபோது, எங்களால் முடிந்த ஒரு விலையைச் சொல்லி, எங்களுக்கே கொடுக்கும்படி காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"சரி தம்பி, நீங்களே வாங்கிக்கங்க. ஆனா பேருக்கு ஒரு விளம்பரம் போட்டுப் பாக்குறேன். யாரும் ஆசைப்பட்டு வரலைன்னா நீங்க சொன்ன விலைக்கே முடிச்சுக்கலாம்," என்றார்.

விளம்பரம் என் மனைவியின் கம்பெனிக்கே போனது. படமெடுக்கும் வேலையும் அவளுக்கே வந்தது. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று குதித்தேன்.

"நல்லாக் கேட்டுக்கடி. லைட்டப் போடாத. ஈரம் ஊறுன சுவரை முதல்ல எடு. அந்தப் பாழாப்போன பாத்ரூமை எடு. பாக்குறவன் தலைதெறிக்க ஓடணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தொணதொணக்காம வேலைக்குப் போங்க."

மாலையில் படங்கள் இணையத்தில் வந்தன. டிப்போவிலேயே போனில் பார்த்தேன். கூடத்தில் வெயில் நிறைந்து கிடக்கிறது. ஈரச் சுவரைக் காணவே காணோம். பாத்ரூம் பளபளக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே குடியேற எனக்கே ஆசை வந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு?"

"முதல்ல கேவலமாத்தாங்க எடுத்தேன். எடுத்ததைப் பாத்தா... இதுலயா நாம இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறோம்னு இருந்துச்சு. மனசு கேக்கல. கேமராவைக் கொஞ்சம் நகத்தி வெச்சேன். அப்புறம் கை நிக்கவே இல்ல."

அதற்குள் என் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"தம்பி, விளம்பரத்தை எடுக்கச் சொல்லிட்டேன்."

போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப நன்றி சார்!"

"இல்ல தம்பி, விக்கலை. படத்தை என் பொண்ணுகிட்ட காட்டினேன். அவளுக்கு உங்க ஊர்லதான் வேலை கிடைச்சிருக்கு. இருந்தா இந்த வீட்லதான்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் காலி பண்ணிக் குடுத்துடுங்க. வீட்டை எவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க! உங்க வீட்டம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க."

சொன்னேன். அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு எந்தப் படம் பிடிச்சுதாம்?"

வந்த ஆத்திரத்துக்கு அவளை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எல்லாமேதான்டி," என்றேன்.

அதன் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.